பம்புக்குக் கட்டிய நாலு நூல்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முதலில் சர்க்கரை, அப்புறம் முழங்கால், அப்புறம் மருமகள். சின்ன வயதுப் பெருமைகள் கடைசியாகத்தான் வரும், அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். அதனால் நான் நேராகப் பெருமைக்கே வந்துவிடுகிறேன். பதினோரு வயதில், ஓர் ஆடி மாதத்தில், ஒரு டீசல் எஞ்சினை ஓட வைத்தவள் நான். மெக்கானிக் கைவிட்ட எஞ்சின். இதில் அடக்கம் காட்டப் போவதில்லை. அடக்கமாக இருந்தும் பார்த்தாயிற்று, ஒரு பிரயோசனமும் இல்லை.

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டில் நாலு விசைத்தறி. துண்டுதான் நெய்தோம். வெள்ளைத் துண்டு, ஓரத்தில் நாலு நிறக் கரை: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். எத்தனை வருடம் போனாலும் அந்த வரிசை மாறாது. அந்தக் கரையைப் பார்த்தே எங்கள் வீட்டுத் துண்டு என்று ஈரோட்டுச் சந்தையில் சொல்லிவிடுவார்கள்.

அப்பா ஊரில் இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தார். நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை வருவார், கறுத்துப்போய், இந்தி கலந்து பேசிக்கொண்டு. தறி, வீடு, நான், எல்லாம் அம்மா கையில்தான்.

தறி வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தறிக்கு உயிர் பாவு. நீளவாக்கில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகளுக்கு சைசிங் மில்லில் கஞ்சி போட்டு, பெரிய உருளையில் சுற்றித் தருவார்கள். அந்த உருளையைத் தலையில் தூக்கிக்கொண்டு வர முடியாது, வண்டி வேண்டும். வண்டி வைத்திருந்தவர் பெரியப்பா. அவருடைய டெம்போவில் முதலில் அவர் தறி எட்டுக்கும் பாவு வரும். எங்களுடையது எப்போதும் கடைசி. சில வாரம் மூன்று நாள், சில வாரம் நாலு நாள் எங்கள் தறி சும்மா நிற்கும். தறி நின்ற வீட்டில் அம்மா பாத்திரத்தை வைக்கிற சத்தமே வேறு மாதிரி இருக்கும்.

இத்தனைக்கும் எங்களுக்கும் ஒரு வண்டி இருந்தது. அப்பா ஏதோ அரசாங்க ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப். குடிக்கிற பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாமல் எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பொதுவான வாசலில், வேம்படியில் இரண்டு வருடமாக நின்றது. பின்சீட்டில் எங்கள் கோழி முட்டையிடும், முன்சீட்டில் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

அந்த வருடம் சைசிங் மில்லில் ஜெனரேட்டரை மாற்றினார்கள். பழைய ஜெனரேட்டரோடு ஒரு நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் மூலையில் கிடந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மில்காரரிடம் போய்ப் பேசி, ஒரு வாரத்தில் எஞ்சினை ஜீப்பில் மாட்டுவதற்கென்று வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். அதற்கு என்ன கொடுத்தாள் என்று கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை.

ரிக் பட்டறை மெக்கானிக் வந்து பார்த்தார். அப்பாவின் சிநேகிதர், அம்மாவுக்கு அண்ணன் முறை. எஞ்சினைச் சுற்றி வந்து, குந்தி உட்கார்ந்து, பீடியைப் பற்றவைத்தார்.

“ஏம்மிணி, இதுல பம்ப்பு இல்லையே. பைப்பு இல்லை. நாசில் இல்லை. எவனோ கழட்டிட்டுப் போயிட்டான். ஒடம்பு இருக்குது, உசுரு இல்லை.”

“உசுரு எங்கீங்கண்ணா கெடைக்கும்?” என்றாள் அம்மா.

அவர் எனக்கும் சேர்த்தே விளக்கினார். பெட்ரோல் எஞ்சினில் பொறி வைத்துக் கொளுத்துவார்கள். டீசலில் பொறி கிடையாது. பம்பு ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதனதன் நேரம் பார்த்து, பைப் வழியாக டீசலை அமுக்கித் தள்ளும். பைப்பின் முனையில் இருக்கும் நாசில் அதைப் புகைபோலப் பீய்ச்சும். இதே மாதிரி எஞ்சின் உள்ள பழைய வேன் ஒன்று சங்ககிரிக்கு அந்தப் பக்கம் ஒரு உடைப்புக் கிடங்கில் நிற்கிறது, அதில் பம்பு இருக்கலாம் என்றார். அவருக்கு வருவதற்கு நேரமில்லை. இரண்டு ரிக் வண்டி பட்டறையில் நின்றன.

“நீங்களே போய்க் கழட்டிட்டு வாங்க. பம்ப்பு ஒண்ணு, பைப்பு நாலு, நாசில் நாலு. ஒண்ணும் உட்டுப்போடாதீங்க.”

பெரியப்பா இதையெல்லாம் தன் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நல்லவர்தான். எனக்கு வாரம் தவறாமல் தேன்மிட்டாய் வாங்கித் தருவார். ஆனால் வேம்படியில் புது ஷெட் போட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஜீப் இடைஞ்சல்.

“ஆடி பதினெட்டு வரைக்கும் பாக்கறேன்,” என்றார். “அதுக்குள்ள ஓடலைன்னா பழைய இரும்புக்காரனை வரச் சொல்லிப்போடுவேன். தம்பியே வித்துப்போடச் சொல்லி எழுதியிருக்கறான். பொம்பளை ஒருத்தி வண்டி வெச்சு என்ன பண்றது?”

அப்பா எழுதியது உண்மை. அம்மா அந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள், பதில் எழுதவில்லை. பெரியப்பாவிடம் “ஓடும்ங்க” என்று மட்டும் சொன்னாள். ஓடாவிட்டால் ஜீப் போய்விடும், காலம் பூராவும் டெம்போவுக்குக் காத்திருக்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உடைப்புக் கிடங்கை நான் ஒரு பொட்டல் காடு என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு ஊராக இருந்தது. லாரித் தலைகள் ஒரு தெரு, டயர்கள் ஒரு தெரு, பாடிப் பலகைகள் ஒரு தெரு. வெயிலில் கிரீஸ் உருகும் வாசனை, எரிந்த ரப்பர் வாசனை, எங்கிருந்தோ புளிச்சோற்று வாசனை. கிடங்குக்காரர் இடுப்பில் ஸ்பேனர்களைச் சாவிக்கொத்து போலத் தொங்கவிட்டிருந்தார். நாங்கள் தேடி வந்த வேன் கடைசித் தெருவில் நின்றது. பின்னால் லாரி மோதி அப்பளமாகியிருந்தது, முன்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. கண்ணாடியில் காய்ந்த மல்லிகைச் சரம் இன்னும் தொங்கியது. காலடியில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு, ஒரு தீப்பெட்டி, பாதி கடித்த சாக்பீஸ். அந்தச் சாக்பீஸ் யாருடையது என்று இன்றைக்கும் எப்போதாவது நினைத்துக்கொள்வேன்.

மூடியைத் திறந்தார்கள். பம்பு இருந்தது. ரிக் வண்டிப் பம்பு நீளமாக இருக்கும், பைப்புகள் வரிசையாக நேரே போகும். அப்பா பலமுறை காட்டியிருக்கிறார். இது குட்டையாக, வட்டத் தலையோடு இருந்தது. தலையைச் சுற்றி நாலு வாய். அவற்றிலிருந்து கிளம்பிய நாலு இரும்புப் பைப்பும் ஒன்றையொன்று தாண்டிக் குறுக்கும் நெடுக்குமாகச் சிலிண்டர்களுக்குப் போயின.

கிடங்குக்காரர் ஸ்பேனரை எடுத்தார். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பழைய பாவு தீர்ந்து புதுப் பாவை அதோடு பிணைக்கும்போது, இழைக்கு இழை, வரிசை பிசகாமல் முடிய வேண்டும். ஒன்று மாறினால் நெய்கிற துணி முழுக்கக் கோணல். அதனால் அடையாளம் கட்டாமல் ஒரு நூலையும் அவிழ்க்கக் கூடாது. மூன்று வயதிலிருந்து அடி வாங்கிக் கற்றது.

“இருங்கண்ணா, இருங்க!” என்று கத்திவிட்டேன்.

என் பாவாடை மடிப்பில் எப்போதும் கரை நூல் இருக்கும். தறியிலிருந்து நான் களவாடுவது. அதற்காகவே வீட்டில் எனக்குக் களவாணி என்று பெயர். நாலு நிறத்தையும் எடுத்தேன். முதலில் சிலிண்டர் பக்கம், ரேடியேட்டரிலிருந்து ஆரம்பித்து, எங்கள் துண்டுக் கரையின் வரிசையிலேயே நாசில் ஒவ்வொன்றுக்கும் கட்டினேன்: சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். பிறகு ஒவ்வொரு பைப்பையும் விரலால் தடவிக்கொண்டே பம்பு வரைக்கும் போனேன். பம்பின் உச்சியிலிருந்து கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்றிவந்து, எந்த வாய்க்கு எந்தப் பைப்போ அதே நிறத்தை அங்கேயும் கட்டினேன். பம்புப் பக்கம் ஒவ்வொன்றையும் கட்டியதும் மீதி நூலை அடுத்தடுத்து என் மணிக்கட்டில் சுற்றி முடிந்துகொண்டேன். களவாடிய நூலைக் கீழே போட மனம் வராது.

“என்ன அம்மிணி, உன்ற மக பம்ப்புக்குக் காப்புக் கட்டறாளா?” என்று கிடங்குக்காரர் சிரித்தார்.

“வெளையாடினது போதும், பஸ்ஸு போயிரும்,” என்றாள் அம்மா. ஆனால் நான் நாலாவது முடிச்சைப் போட்டு முடிக்கும்வரை நின்றாள்.

பம்பின் முதுகுப் பக்கம் ஒரு போல்ட் இருந்தது. கிடங்குக்காரரின் கை உள்ளே போகவில்லை, அம்மாவின் கையும் போகவில்லை. என்னுடையது போனது. கண்ணால் பார்க்க முடியாது, தடவித்தான் திருக வேண்டும். கால்சுற்று, கால்சுற்றாக ஒரு மணி நேரம். முழங்கை தோல் உரிந்து எரிந்தது. கடைசிச் சுற்றில் போல்ட் என் உள்ளங்கையில் விழுந்தபோது நான் போட்ட சத்தத்தில் அடுத்த தெருவிலிருந்து இரண்டு ஆள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் அம்மா பம்பைச் சாக்கில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மாள், “கொழந்தையோட நிக்கறா, எடம் உடுங்கய்யா,” என்று ஒரு ஆளை எழுப்பிவிட்டாள். அம்மா மறுக்காமல் உட்கார்ந்துகொண்டாள். பள்ளிபாளையம் தாண்டுவதற்குள் அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. சாக்கின் நுனியை மெல்ல விலக்கினாள். விரலெல்லாம் கறுப்பு.

“ஆத்தாடி! என்ன கொழந்தை சாமி இது?”

“டீசல் குடிக்கிற கொழந்தைங்க,” என்றாள் அம்மா. அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வண்டியே சிரித்தது. நாலு பைப்பையும் நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

இரண்டு நாளில் மெக்கானிக் வந்தார். வேப்பங்கிளையில் சங்கிலி போட்டுப் பெட்ரோல் எஞ்சினைத் தூக்கினார், டீசல் எஞ்சினை இறக்கினார். தாங்கிகளை வெல்டு வைத்தார். பம்பின் பல்சக்கரத்தில் இருந்த குறியையும் எஞ்சினில் இருந்த குறியையும் சரியாக நேர்வைத்தார். நியாயத்தைச் சொல்ல வேண்டும், கை சுத்தமான மனுஷன். பிறகு பைப்புகளை எடுத்தவர் என் நூல்களைப் பார்த்தார்.

“என்ன பாப்பா இது? பம்ப்புக்கிட்ட நூலை வெக்கலாமா? ஒரு பஞ்சு உள்ள போனாப் போதும், அத்தனையும் போச்சு!”

பிளேடால் அறுத்து எல்லாவற்றையும் எறிந்தார். பைப்புகளை மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைத்துப் பார்த்தார்.

“பாத்தியா அம்மிணி, எந்த மடையனோ கன்னாபின்னான்னு வளைச்சிருக்கான். குறுக்கால குறுக்கால போவுது.”

“இல்லீங் மாமா, அது அப்படித்தான் இருந்துச்சு,” என்றேன். “வேன்லயே குறுக்கால்தான் போச்சு.”

“அதனாலதான் சாமி அந்த வேன் ஒடைப்புக்கு வந்துச்சு!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பின்னால் லாரி மோதித்தான் அந்த வேன் அங்கே வந்தது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அம்மா என்னைப் பார்த்து, “பெரியவிய பேசறப்ப குறுக்க பேசாதே. போய்த் தார் சுத்து,” என்றாள். தார் சுற்றுவது என்றால் தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் ஊடைநூலைச் சுற்றுகிற வேலை, வாயாடும் பிள்ளைகளுக்குத் தறி வீட்டில் கொடுக்கிற தண்டனை. நான் போய்ச் சுற்றினேன். மெக்கானிக் பைப்புகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, ரிக் வண்டியில் செய்கிற மாதிரியே முதல் வாயை முதல் சிலிண்டருக்கு, இரண்டாவதை இரண்டாவதுக்கு என்று ஒழுங்காக மாட்டினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எஞ்சின் ஓடவில்லை.

செல்ஃப் அடித்தால் ஒரு தடவை உதைக்கும், இருமும், வெள்ளையாகப் புகையைக் கக்கும், நின்றுவிடும். மறுநாளும் அதேதான். பேட்டரியை மாற்றினார், டீசலை மாற்றினார், நாசிலைக் கழற்றித் துடைத்தார். மூன்றாம் நாள் கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்.

“பம்ப்பு செத்துப்போச்சு அம்மிணி. பாப்பா நூல் கட்டினாளே, பஞ்சு உள்ள போயிருச்சு.”

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாப்பாடு போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள். மூன்று நாள் அப்படித்தான். ஊர்ப் பிள்ளைகள் முளைப்பாரியும் மஞ்சளுமாக ஆடிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு பம்பைக் கொன்றவளாகத் தறிக்கட்டைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். இன்று யோசித்தால் அந்த மனுஷன்மேல் கோபம் வருவதில்லை. இருபது வருடம் ரிக் பம்பையே பார்த்தவர், வட்டப் பம்பு தனக்குப் புதிது என்று ஊர் நடுவில் எப்படிச் சொல்வார்? ஆனால் அம்மாவின் அந்த மூன்று நாள் மௌனம் இன்னும் ஆறவில்லை. அவளும் பயந்துபோயிருந்தாள், அவ்வளவுதான். பயத்தைக் கோபமாகக் காட்ட அவளுக்கு என்னைவிட்டால் யார் இருந்தார்கள்.

ஆடி பதினேழு மத்தியானம் பழைய இரும்புக்காரன் மாட்டுவண்டியோடு வந்துவிட்டான். பெரியப்பா ஒரு நாள் முந்திக்கொண்டார், மறுநாள் பண்டிகை என்று காரணம் சொன்னார். மெக்கானிக் பம்பையாவது கழற்றி வைப்போம் என்று வந்திருந்தார். அம்மா தறிவீட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக் ஜீப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எங்கள் வீட்டுத் துண்டு, அம்மா கொடுத்தது. நான் அழுதுகொண்டே மூக்கைப் புறங்கையால் துடைத்தேன். அப்போதுதான் இரண்டும் என் கண்ணில் ஒன்றாகப் பட்டன. அவர் துண்டில் சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். என் மணிக்கட்டில், கிரீஸ் படிந்து, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை.

ஒரே நாலு நிறம், வரிசை வேறு.

கையில் கயிறு கட்டாத பிள்ளை நம் ஊரில் ஏது? அதனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை, நான் உட்பட. அழுகை எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஓடிப்போய் அவர் முகத்துக்கு முன்னால் கையை நீட்டினேன்.

“மாமா, இதப் பாருங்க! சிலிண்டர்ல நான் கட்டினது உங்க துண்டுக் கரை மாதிரி. மொதல்ல செவப்பு, ரெண்டாவது பச்சை, மூணாவது மஞ்சள், நாலாவது நீலம். பம்ப்பைச் சுத்திக் கட்டினது இது. கட்டக் கட்டக் கையில சுத்தினேன். செவப்பு, மஞ்சள், நீலம், பச்சை!”

“போ பாப்பா, பஞ்சு...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். துண்டைப் பார்த்தார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது.

“செவப்பு ஒண்ணு. மஞ்சள்... மூணு. நீலம் நாலு. பச்சை ரெண்டு.” மறுபடி சொன்னார், சத்தமாக. “ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு!”

நாலு சிலிண்டர் எஞ்சினில் டீசல் வெடிக்கிற வரிசை அது. எந்த மெக்கானிக்கும் தூக்கத்தில் சொல்வான், அவரும் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். தலையில் படாரென்று அடித்துக்கொண்டார்.

“அட சாமி! ரிக்குப் பம்ப்புல இந்த வரிசை உள்ளயே இருக்கும், பைப்பு நேரா போவும். இந்த வட்டப் பம்ப்புல வெளிய உட்டிருக்கான். அதுக்குத்தான் குறுக்கால போவுது! நான் ஒரு மடையன், நல்லா இருந்ததை நிமித்திப்போட்டேன்!”

“அப்ப பம்ப்பு சாவலீங்களா?” என்று அம்மா கேட்டாள்.

“பம்ப்பு கல்லாட்டம் இருக்குது அம்மிணி. பாப்பாதான் சரி.”

அம்மா என்னைப் பார்த்தாள். மூன்று நாளைக்குப் பிறகு முதல் தடவை. எல்லார் முன்னாலும் என் தலையைப் பிடித்து வயிற்றோடு அமுக்கிக்கொண்டாள். மூச்சு முட்டியது, நான் விலகவில்லை.

பெரியப்பா இரும்புக்காரனிடம் “கொஞ்சம் இருப்பா” என்றார். அவன் மாட்டை அவிழ்த்து வேம்படியிலேயே கட்டிவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தான்.

நிமிர்த்திய பைப்புகளைத் திரும்ப வளைக்க வேண்டும், ஒடிந்துவிடக் கூடாது. எங்கள் தறியின் பழைய உருளை ஒன்றைக் கொண்டுவந்து, அதன்மேல் வைத்து மெக்கானிக் மெதுவாக வளைத்தார். எந்தப் பைப் எதைத் தாண்டிப் போனது என்று நான் சொல்லச் சொல்ல வளைத்தார். இந்த முறை யாரும் என்னைத் தார் சுற்றப் போகச் சொல்லவில்லை. சிவப்பு மேலே, அங்கிருந்து கடிகார முள் போகிற பக்கம் மஞ்சள், நீலம், பச்சை. நாலையும் மாட்டி முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“நூல் இருக்குதா பாப்பா?”

“அதான் பஞ்சு போயிருமேங் மாமா,” என்றேன். சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

“நட்டை முறுக்கியாச்சு, இனி போவாது. வெளிய கட்டு. நாளைக்கு என்னையாட்டம் எவனாவது வந்து அவுப்பான்.”

மடிப்பிலிருந்து நூலை எடுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். களவாணி என்று சொல்லவில்லை.

பைப்பில் காற்று எடுக்க வேண்டும். நாசில் பக்கத்து நட்டுகளைத் தளர்த்தி, எஞ்சினைச் சுற்றவிட்டு, டீசல் குமிழி இல்லாமல் பீய்ச்சியதும் இறுக்கினோம். அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. தள்ளித்தான் கிளப்ப வேண்டும். எங்கள் தறிக்காரர்கள் இரண்டு பேர், மெக்கானிக், இரும்புக்காரன், யோசித்து யோசித்துக் கடைசியில் பெரியப்பா, எல்லாரும் பின்னால் போய்க் கை வைத்தார்கள். அப்போதுதான் ஸ்டியரிங்கில் ஆள் இல்லை என்று தெரிந்தது.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அப்பா விடுப்பில் வரும்போதெல்லாம் வறண்ட ஏரிக்குள் ஓட்டப் பழகிக் கொடுத்திருந்தார். ஊரில் அது யாருக்கும் தெரியாது. லைசென்ஸெல்லாம் பிறகு எடுத்தது. நான் பக்கத்தில் தாவி ஏறினேன். கோழி பின்சீட்டிலிருந்து இறங்க மறுத்துவிட்டது.

தள்ளினார்கள். பத்தடி, இருபதடி. அம்மா கிளட்சை விட்டாள். ஜீப் ஒரு குதி குதித்தது. இருமியது. ஒரு மேகம் புகை. பிறகு, தட தட தட தடவென்று, நாலும் ஒன்றன்பின் ஒன்றாக, தறி ஓடுகிற மாதிரி ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. நான் கத்தினேன். பின்னால் எல்லாரும் கத்தினார்கள்.

“நிறுத்து அம்மிணி, நிறுத்து!” என்று மெக்கானிக் ஓடி வந்தார்.

அம்மா நிறுத்தவில்லை. “நிறுத்துனா மறுக்காக் கெளம்புமோ கெளம்பாதோ,” என்று என்னிடம் மட்டும் சொன்னாள். பெரியப்பா வீட்டைத் தாண்டினாள். தேர்முட்டியைத் தாண்டினாள். கடைத்தெருவில் ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஒரு பொம்பளை, ஒரு பெண்பிள்ளை, ஒரு கோழி, பின்னால் கறுப்புப் புகை. பாலத்தில் ஏறினோம். கீழே காவேரி புதுத்தண்ணீரோடு செம்மண் நிறத்தில் இரண்டு கரையும் முட்டிப் போனது. காற்று என் கண்ணைக் கரித்தது. அம்மா பல் தெரியச் சிரித்துக்கொண்டே, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பவானிக்குள் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினாள். திரும்பி வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக சைசிங் மில்லுக்குள் விட்டாள். எங்கள் பாவு இரண்டு நாளாக அங்கே டெம்போவுக்குக் காத்துக் கிடந்தது. எஞ்சினை அணைக்காமலேயே ஏற்றினோம். ராத்திரி முழுக்க இழை பிணைத்து, விடிகிற நேரத்துக்கு எங்கள் தறி நாலும் ஓடின.

ஆடி பதினெட்டு அன்று ஆற்றங்கரையில் பெண்கள் எல்லாருக்கும் மஞ்சள் கயிறு கட்டினார்கள். பழைய கயிற்றை அறுத்து ஆற்றில் விடுவது வழக்கம். யாரோ என் கிரீஸ் நூலை அறுக்கக் கத்தியை எடுத்தார்கள். அம்மா தடுத்தாள். “அது இருக்கட்டும், அது வண்டியுது,” என்று மஞ்சள் கயிற்றை அதற்கு மேலே கட்டினாள். அது எப்போது இற்று விழுந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. அடுத்த வாரம் மெக்கானிக் வந்து, தயங்கித் தயங்கி, ரிக் எஞ்சினுக்கு ஆறு சிலிண்டர் என்று ஆறு நிறத்தில் நூல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அம்மா அப்பாவுக்குப் பதில் எழுதினாள். ஒரே வரி: வண்டி ஓடுகிறது.

ஆவணி பிறந்து பெரியப்பாவின் டெம்போ கியர்ப்பெட்டி உடைந்து நின்றுவிட்டது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் எங்கள் வாசலுக்கு வந்து, துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றார்.

“அம்மிணி, சைசிங்ல என்ற பாவும் கெடக்குது...”

“அதுக்கென்னங்க, கொண்டாந்துட்டாப் போச்சு,” என்றாள் அம்மா. மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவருடைய பாவையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். பொதுவாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு அம்மா என் பக்கம் திரும்பி, “எதை மொதல்ல எறக்கலாம் சாமி?” என்று கேட்டாள். பெரியப்பா படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் இறங்கிப் போய் எங்கள் வீட்டுக் கதவை அகலத் திறந்தேன்.